முப்பது பட்டன் கவர்கள்

அவிநாசி
10 ஜூலை 2024

மதிப்பிற்குரிய நாகஜோதி அவர்களுக்கு,

திருமூர்த்தி எழுதிக்கொள்வது. நீங்கள் நான்கு முறை போன் செய்தீர்கள். நான்கு முறையும் போன் என் கையில்தான் இருந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்தபோது, நான் கோயம்புத்தூர் போயிருப்பதாக என் அக்கா மகன் சதீஷ்குமார் வாசலில் நின்று சொன்னான். நான் உள்ளே சாப்பாட்டு மேசையில் இருந்தேன். "மாமா, நீங்க எந்திரிக்காதீங்க, நான் பேசி அனுப்பிச்சர்றனுங்க" என்று அவன் சொன்னதும், எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் இப்படிச் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை எழுதாமல் வேறு எதையும் எழுதக் கூடாது என்று தோன்றியது.

நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது. கடிதத்தில் கொஞ்சம் வரும். நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

உங்கள் கணவர் ராபின், சதீஷ்குமாரின் பனியன் கம்பெனியில் எட்டு வருடமாக அயர்ன் மாஸ்டர். நீங்கள் அங்கேயே பேக்கிங்கில் இருக்கிறீர்கள். ராபினுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையால் அது அடங்கியிருந்தது. ஆனால் பழைய மாத்திரை சில நாட்களில் தலைசுற்றலைக் கொடுத்தது. இந்த மார்ச் மாதம் நான் கம்பெனிக்கு வந்தபோது அதைக் கேள்விப்பட்டு, வேறொரு மாத்திரையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டாக்டரும் அதற்குச் சம்மதித்தார். ஜூன் 14 அன்று மாலை நாலு மணி சுமாருக்கு அயர்ன் டேபிள் முன் ராபினுக்கு வலிப்பு வந்தது. விழும்போது சிமெண்ட் திண்டில் தலை அடிபட்டு உயிர் போய்விட்டது.

நான் எழுதிக் கொடுத்த அந்த மாத்திரை, ஓய்வு பெறும் முன் நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் நானே உருவாக்கியது. அதை ராபினிடம் கொஞ்சம் பெருமையாகச் சொன்ன நினைவு இருக்கிறது.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். கடைசி மாதத்தில் ஒரு நாளாவது மாத்திரை தவறியதா? அதை எங்கே வைத்திருந்தார்? மிச்சம் ஏதாவது இருக்கிறதா? இந்த நேரத்தில் இதையெல்லாம் கேட்பது முறைதானா என்று தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகும் தெரியவில்லை.

தங்கள்
திருமூர்த்தி


மண்ணரை
15 ஜூலை 2024

ஐயா,

நீங்கள் உள்ளே இருந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். வாசலில் உங்கள் செருப்பு கிடந்தது.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஒரு நாள் கூட மாத்திரை தவறவில்லை. தவறவே முடியாது. அயர்ன் பாக்ஸ் பிடித்துப் பிடித்து அவர் விரல் முனையெல்லாம் காய்த்துப்போய்விட்டது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க அவரால் முடியாது. பல்லால் கடித்துக் கிழிப்பார், பாதி உடைந்து கீழே விழும். அதனால் இந்தக் கம்பெனிக்கு வந்த புதிதிலேயே நான் ஒரு வழி செய்தேன். டி-ஷர்ட்டோடு உபரி பட்டனைப் போட்டு அனுப்புவோமே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் பட்டன் கவர், பேக்கிங்கில் கீழே நிறையக் கிடக்கும். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முப்பது மாத்திரையையும் பிரித்து, கவருக்கு ஒன்றாகப் போட்டு, மேலே தேதி எழுதி, சரமாகக் கோத்துக் கொடுத்துவிடுவேன். அவர் அதை அயர்ன் டேபிள் பக்கத்து ஆணியில் மாட்டிக்கொள்வார். காலை டீக்கு ஒரு கவரைப் பிய்ப்பார். அன்றைய தேதி கவர் இல்லையென்றால் சாப்பிட்டாயிற்று, இருந்தால் சாப்பிடவில்லை. எட்டு வருஷம் இப்படித்தான் நடந்தது.

மே மாசக் கடைசியில் இரண்டு நாள் கை உதறியது என்றார். வேலை அதிகம் என்று நினைத்தோம்.

ஜூன் 15-லிருந்து 30 வரைக்கும் உள்ள பதினாறு கவரும், பிரிக்காத பதினைந்து மாத்திரை அட்டை ஒன்றும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அடக்கத்துக்கு வந்த என் மாமியார் வெள்ளையம்மாளிடம் யாரோ கவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மருந்துக்கடை அழகுமலை அண்ணன், "அட்டையப் பிரிச்சு வச்சா சில மாத்திரை கெட்டுப்போயிருமுங்களே" என்றாராம். அத்தை கல்லறையிலேயே எல்லாருக்கும் முன்னால் கேட்டாள், "ஏட்டி, எம் புள்ளய பட்டன் கவர்ல போட்டு அனுப்பிட்டியேட்டி." மறுநாள் என் மகள் மோனிஷாவையும் கூட்டிக்கொண்டு சாத்தான்குளம் பக்கம் ஊருக்குப் போய்விட்டாள். மோனிஷாவுக்கு ஒன்பது வயது. போன் போட்டால் பேச மாட்டேன் என்கிறாள்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கவரில் போட்டதால்தான் அவர் இறந்தாரா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். மோனிஷாவை நான் திரும்பக் கூட்டி வருவது அதில்தான் இருக்கிறது.

நாகஜோதி


அவிநாசி
3 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய நாகஜோதி அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்குப் பழக்கமான ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. சோதனையை இரண்டு முறை செய்தேன். முதல் முறை வந்த எண்ணை நம்பத் தைரியம் வரவில்லை.

முதலில் அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தண்ணீரில் கரையவே கரையாத வகை. செங்கல் பொடியைத் தண்ணீரில் போட்டது போல அடியில் தங்கிவிடும். கரையாத மருந்து ரத்தத்தில் சேராது. பழைய மாத்திரை வயிற்றில் ஒரு நாள் அதிகம் கரையும், ஒரு நாள் குறைவாகக் கரையும். ராபினின் தலைசுற்றல் அதனால் வந்ததாகவே நினைக்கிறேன்.

மாத்திரையில் மருந்தைத் தவிர மாவு, சர்க்கரை, பாலிமர் என்று வேறு பொருட்களும் உண்டு. துணைப்பொருள் என்போம். அவற்றுக்கு நோயைத் தீர்க்கும் குணம் கிடையாது. ஆனால் மருந்து கரைவதும் கரையாததும் பல சமயம் அவற்றின் கையில் இருக்கிறது. என் வேலை முழுக்க அவற்றோடுதான். இந்த மருந்தோடு ஒரு பாலிமரைச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாகக் கரைத்து, நொடி நேரத்தில் உலர்த்தினேன். மருந்தின் துகள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாவதற்குள் பாலிமர் இடையில் புகுந்து அவற்றைப் பிரித்து வைத்துவிடும். பிரிந்து கிடக்கும் மருந்து சுலபமாகக் கரையும். அதனால் மருந்தின் அளவைப் பாதியாகக் குறைக்க முடிந்தது.

அந்தப் பாலிமர் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் இளகும். இளகினால் மருந்துத் துகள்கள் மெல்ல நகர்ந்து ஒன்றையொன்று சேர்ந்து பழையபடி படிகமாகிவிடும். வெளியே பார்த்தால் நிறமும் வடிவமும் மாறியிருக்காது.

ஒரு சோதனைக்கு ஆறு மாத்திரை வேண்டும். உடல் சூட்டிலிருக்கும் நீரில் முக்கால் மணி நேரம் சுழற்றி, எவ்வளவு கரைந்தது என்று அளந்தேன். அட்டையில் இருந்தவை சராசரி 88 சதவீதம் கரைந்தன. கவரில் இருந்தவை 31 சதவீதம். நீங்கள் அனுப்பிய பதினாறில் பன்னிரண்டு செலவாகிவிட்டன. மீதி நான்கையும் காலிக் கவர்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேதிகள் மிகத் தெளிவான கையெழுத்தில் இருக்கின்றன. இவ்வளவு ஒழுங்காக ஒரு நோயாளிக்கு மருந்து எடுத்துவைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

நீராவி வரும் அயர்ன் டேபிள் அருகே, மெல்லிய பிளாஸ்டிக் கவரில், இரண்டு வாரத்துக்கு மேல் தொங்கிய மாத்திரை இப்படி ஆவதற்கு வாய்ப்பு அதிகம். எனவே நீங்கள் கேட்ட கேள்விக்கு, ஆம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

திருமூர்த்தி


மண்ணரை
8 ஆகஸ்ட் 2024

ஐயா,

நான் கேட்டது ஒரு வார்த்தை. அதை மூன்றாம் பக்கத்துக் கடைசியில் ஒளித்துவைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதுவரைக்கும் செங்கல் பொடி, மாவு, பாலிமர் என்று படித்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

எட்டு வருஷம் பழைய மாத்திரையும் இதே கவரில்தான் இருந்தது. அதே ஆணி, அதே நீராவி. அவருக்குத் தலை சுற்றியது, ஆனால் விழவில்லை. உங்கள் மாத்திரைதான் மூன்று மாசத்தில் விழவைத்தது. அப்படியென்றால் கெட்டது என் கவரா, உங்கள் மாத்திரையா? படித்தவர் நீங்கள் சொல்லுங்கள்.

அட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பேர் இருக்கிறது, விலை இருக்கிறது, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வை என்று இங்கிலீஷில் இருக்கிறது. அது இருமல் மாத்திரையிலும் இருக்கிறது. பிரிக்காதே என்று எங்கேயும் இல்லை. நாங்கள் ஒரு பனியனை மடித்து அனுப்பினாலே சுடுதண்ணீரில் துவைக்காதே, வெயிலில் காயப்போடாதே, இத்தனை சூட்டுக்கு மேல் அயர்ன் பண்ணாதே என்று லேபிள் தைத்து அனுப்புகிறோம். லேபிள் இல்லாத பீஸை, வாங்குகிற எந்த பையரும் தொட மாட்டான். உங்கள் மாத்திரைக்கு ஏன் அது இல்லை?

உங்கள் வீட்டு வாசலில் அன்றைக்கு, உங்களைப் பார்க்க வேண்டும் என்று சதீஷ்குமார் சாரிடம் கேட்டேன். "மாமா ரொம்பப் பயந்தவருங்க, அவரைப் போட்டு நோகடிக்காதீங்க" என்றார். நோவது யார் என்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை.

நாகஜோதி


அவிநாசி
21 ஆகஸ்ட் 2024

நாகஜோதி அவர்களுக்கு,

பழைய மாத்திரையில் மருந்து முதலிலேயே படிகமாகத்தான் இருந்தது. ஈரம் பட்டு மாற அதில் ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னது சரி. புதிதாக வந்த பலவீனம் என் மாத்திரையில் வந்தது.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. இறந்துபோன என் மனைவியிடமும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றபோது என் வேலைக் குறிப்புகளின் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு நீல நோட்டு. அதில் 2019 பிப்ரவரி 19-ஆம் தேதி என் கையெழுத்தில் இருக்கிறது: திறந்த தட்டில், நாற்பது டிகிரி சூட்டில், எழுபத்தைந்து சதவீத ஈரப்பதத்தில், முப்பது நாள் வைத்த மாத்திரை 34 சதவீதம்தான் கரைந்தது. உங்கள் கவர் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஆய்வகம் போகும் முன்பே எண் எனக்குத் தெரியும். அது தவறாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இரண்டு முறை செய்தேன்.

அந்த நோட்டின் அடிப்படையில் அட்டையில் அச்சிட ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அந்த வரி இது: "உட்கொள்ளும் தருணம் வரை மாத்திரையை அதன் மூல உறையிலிருந்து பிரித்தல் கூடாது, ஈரப்பதத்தால் கரைதிறன் குன்றும்." மருந்துக் கம்பெனி முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோபமெல்லாம் படவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"ஏனுங்க சார், பிரிச்சா கெட்டுப்போகுமுன்னு நாமளே அச்சடிச்சுக் குடுத்தா, எந்தக் கடைக்காரன் வாங்குவானுங்க? அட்டைக்குள்ள நல்லா இருக்குதல்லங்க?"

"நல்லா இருக்குதுங்க."

"அப்பறமென்னங்க? யாரு பிரிச்சு வெக்கப் போறாங்க?"

"சரிங்க" என்றேன். வரி இல்லாத அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அறைக்கு வெளியே வந்த பிறகு திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு சாப்பிடப் போய்விட்டேன். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ராபின் இன்று இருந்திருப்பார். ஐந்து வருடத்துக்கு முந்தைய என் 'சரிங்க'தான் அவரைக் கொன்றது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் உங்களுக்குத் தெரியாது. ஏப்ரலில் ஒரு நாள் டீ நேரத்தில் கம்பெனிக்கு வந்திருந்தேன். ராபின் என்னை மற்றவர்களுக்குக் காட்டி, "எம் மாத்திரைக்கு இவுகதான்லே மாஸ்டர்" என்றார். ஆணியிலிருந்து ஒரு பட்டன் கவரைப் பிய்த்து, மாத்திரையைத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் காட்டினார். "பாருங்க ஐயா, சர்க்கரை மாதிரில்லா உதிருது" என்று சொல்லி, அந்தத் தண்ணீரைக் குடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாத்திரை உதிர்வது வேறு, மருந்து கரைவது வேறு என்பது எனக்குத் தெரியும். கவரைப் பார்த்தேன். சரத்தைப் பார்த்தேன். நீராவியையும் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் அவருடைய ஒழுங்கைக் குறை சொல்வது போல் ஆகிவிடும், தனியாகப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, பிளாஸ்டிக் கவர்தானே, மூடித்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் நோட்டை எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

திருமூர்த்தி


மண்ணரை
30 ஆகஸ்ட் 2024

ஐயா,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. திட்டி நாலு கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இது ஐந்தாவது.

பார்த்திருக்கிறீர்கள். கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் எழுதுகிறேன்.

தெளிவான கையெழுத்து என்று பாராட்டியிருந்தீர்களே, அது என் கையெழுத்து இல்லை. மோனிஷாவுடையது. இரண்டு வருஷமாகக் கவர் போடுவது அவள்தான். நான் அட்டையிலிருந்து பிதுக்கிக் கொடுப்பேன். அவள் எண்ணிக் கவரில் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தேதி எழுதுவாள். முப்பது வந்ததும், "அப்பா, மாசம் ரெடி" என்பாள். கல்லறையில் அத்தை கத்தும்போது அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் போட்டேன் என்று அத்தையிடம் ஒத்துக்கொண்டேன். மோனிஷா அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. என் மேல் கோபம் என்று ஊரில் நினைக்கிறார்கள். அவளுக்குப் பயம். அவள் அப்பாவை அவளே கொன்றுவிட்டதாக நினைக்கிறாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

அதனால் எனக்கு ஒரு கடிதம் வேண்டும். கவரால் ஒன்றும் ஆகவில்லை, அது வேறு காரணம் என்று உங்கள் பட்டம் பதவியெல்லாம் போட்டு எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். அவளிடம் காட்ட வேண்டும்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அதை நீங்கள் சொல்லித்தர வேண்டாம். முதலாளி சிரித்துக்கொண்டு கேட்டதும் ஒரு வரியை எடுத்துக் கொடுத்தீர்கள். நான் அழுதுகொண்டு கேட்கிறேன், ஒரு வரி எழுதிக் கொடுக்க மாட்டீர்களா?

நாகஜோதி


அவிநாசி
16 செப்டம்பர் 2024

நாகஜோதி அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வரியை எழுதினேன். பட்டமெல்லாம் போட்டு, தேதியிட்டு, கையெழுத்தும் வைத்தேன். உறையில் போட்டு ஒட்டிவிட்டு இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். தபால் நிலையம் வரை ஒரு முறை போய்த் திரும்பினேன். அனுப்பாததற்கு என் நேர்மையைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதி போய்விட்டது. அந்தப் பெண் பெரியவளாகி, என்னைவிட அதிகம் படித்து, ஒரு நாள் அந்த எண்ணை அவளே அளந்து பார்த்துவிடுவாள் என்று தோன்றியது. அன்றைக்கு அவள் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இதுவும் ஒருவேளை என் பயம்தான்.

பதிலாக, அவளுக்கே ஒன்று எழுதியிருக்கிறேன். வேண்டாமென்றால் கிழித்துவிடுங்கள்.

திருமூர்த்தி

(உடன் இருந்தது)

அன்புள்ள மோனிஷாவுக்கு,

நான் உன் அப்பா சாப்பிட்ட மாத்திரையைச் செய்தவன். அந்த மாத்திரை ஈரக் காற்றுப் பட்டால் சரியாக வேலை செய்யாது. அது எனக்கு முன்பே தெரியும். அட்டையிலேயே இருக்க வேண்டும் என்று நான் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. நீங்கள் கவரில் போடுவதை ஒரு நாள் நேரில் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான். உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது.

நீ எழுதிய கவர்கள் என்னிடம் இருக்கின்றன. ஒரு தேதி கூடத் தவறவில்லை. நீ முப்பது என்று எண்ணினாய், முப்பது இருந்தது. உன் வேலையில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் வேலையில்.

திருமூர்த்தி


மண்ணரை
29 செப்டம்பர் 2024

ஐயா,

வெள்ளிக்கிழமை இரவு வண்டி பிடித்து ஊருக்குப் போனேன். கடிதத்தை மோனிஷாவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். பிறகு, மூன்று மாசம் கழித்து என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "அந்தத் தாத்தா நல்லாப் பாத்தாங்களாம்மா, எண்ணிக்கை சரிதானாம்மா?" என்றாள். சரிதான் என்றேன். கடிதத்தை மடித்துக்கொண்டே, "தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள். அந்தப் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத வேண்டாம்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்துக் காட்டினேன். "அந்தப் பெரிய மனுசனும் இருந்தாரு, நீயும் இருந்த, எம் புள்ள மட்டும் போயிட்டான்" என்றாள். மோனிஷாவை அனுப்பவில்லை. அரையாண்டுப் பரீட்சை லீவுக்குப் பார்க்கலாம் என்கிறாள். மோனிஷா போனில் பேசுகிறாள். அது போதும் என்று இருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. முதலாளி எடுக்கச் சொன்ன அந்த வரி இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். மூல உறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசர் ரங்காத்தாள் அக்காவிடம் காட்டினேன். "மூலத்துக்கு மாத்திரையா கண்ணு?" என்றாள். கரைதிறன் குன்றும் என்பதை அவளாலும் படிக்க முடிந்தது, அவ்வளவுதான். அதை அட்டையில் எறும்பு எழுத்தில் அடித்திருப்பார்கள். அந்த வரி இருந்திருந்தாலும் நான் பிதுக்கிக் கொடுத்திருப்பேன், மோனிஷா எண்ணிப் போட்டிருப்பாள். அதனால் உங்கள் முதலாளி எடுத்துவிட்டார் என்று அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம். அது யாரையும் காப்பாற்றியிருக்காது.

அன்றைக்கு டீ நேரத்தில், அவர் டம்ளரை எடுக்கும்போது, "கவர்ல போடாதீங்க, ராபின்" என்று சொல்லியிருந்தால் போதும். உடனே கேட்டிருப்பார். உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

மூன்று வார்த்தை. இதையும் உங்கள் நீல நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு மாத்திரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு காலிக் கவரையும் திருப்பி அனுப்புங்கள். மோனிஷா கேட்கிறாள். எண்ணி அனுப்புங்கள், அவள் எண்ணிப் பார்ப்பாள்.

நாகஜோதி